திருத்திச் சொன்னவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கீழ்வீட்டுக்காரர். பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் நின்றார். படியேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"நேத்து சாயங்காலம் மோட்டார் போட்டது நான்தான்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். நான் போடல, என் பொண்ணு போட்டிருக்கா. அவர்கிட்ட சொல்லிடும்மா."

"இதுக்கா சார் மாடி ஏறி வந்தீங்க?"

"தப்பாச் சொன்னது அப்படியே நின்னுடக் கூடாதில்ல."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே அவர் மனைவி செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தது கேட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மின்விசிறிக்குத் தகடு வெட்டும் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸில் வேலை. அவர் அங்கே தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் பகுதிக்கு சூப்பர்வைசர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடுகிறேன் என்று தெரிந்து, கருவடிக்குப்பத்தில் தன் வீட்டு மாடி காலியாக இருப்பதாகச் சொன்னார். "காத்து வரும்" என்றார். மறுநாள் என் மேஜைக்கு வந்து, "மேற்குப் பக்கம் ஜன்னல் கிடையாது, அதனால சித்திரையில காத்து வராது" என்று திருத்தினார். அதைக் கேட்ட பிறகுதான் அந்த வீட்டுக்கே போகலாம் என்று முடிவு செய்தோம்.

அவருடைய குணம் அதுதான். சொன்னதில் ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் திரும்பி வந்து சொல்லிவிடுவார். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்ட வெளியூர்க்காரர்களைத் தவறான பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நினைவு வந்ததும் ஸ்கூட்டரில் அந்த பஸ்ஸைத் துரத்திப் போய், அடுத்த நிறுத்தத்தில் அவர்களை இறக்கியிருக்கிறார். டீக்கடையில் பேசிய பேச்சுக்கு மறுநாள் அதே டீக்கடையில் திருத்தம் சொல்வார். முதல் நாள் கேட்டவர்கள் வராவிட்டால் வரும்வரை இருப்பார். பிரஸ் பகுதிப் பையன்கள் அவருக்கு 'அழிரப்பர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

நல்ல மனிதர், ஆனால் கொஞ்சம் தொந்தரவு பிடித்தவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒருமுறை அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"கல்யாணமான புதுசுல இப்படியில்ல. நடுவுல புடிச்ச வியாதி" என்றார்.

அது எப்போது பிடித்தது என்று பிறகு தெரிந்தது.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீனில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். அவர் சாப்பிடாமல் கைகழுவும் குழாய்ப் பக்கம் போய் நின்று, "ஒரு நிமிஷம்" என்றார். சிலர் அப்போதே சிரித்துவிட்டார்கள். இன்றைக்கு என்ன திருத்தமோ என்று.

"எட்டு வருஷம் முன்னாடி ஏழுமலைன்னு ஒருத்தரு இங்க பிரஸ்ல வேலை செஞ்சாரு. புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது. வலது கையில நாலு வெரல் போயிடுச்சி அவருக்கு. குடிச்சிட்டு வந்து மிஷின்ல கைய விட்டுட்டாருன்னு நான் சொன்னேன். அதனால அவரை வேலையை விட்டு எடுத்தாங்க. அவரு குடிக்கல."

சிரிப்பு நின்றுவிட்டது.

"கை உள்ள போகாம இருக்க மிஷின்ல ஒரு தடுப்பு உண்டு. வேலை வேகமா ஓடணும்னு அதைக் கழட்டி வச்சது நான். பழி என் மேல வந்துடக் கூடாதுன்னு அவரு குடிச்சிருந்தாருன்னு சொல்லிட்டேன். நான் சொன்னது பொய்."

அவ்வளவுதான். போய்த் தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். பிறகு பழைய ஆபரேட்டர் ஒருவர், தலையை நிமிர்த்தாமல், "தடுப்பு இல்லாதது எங்களுக்கும் தெரியும் சார். ஆனா குடிச்சது நெஜம்னுதான் நெனச்சோம்" என்றார்.

மாலைக்குள் விஷயம் முதலாளிக்குப் போனது. முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, முடிந்ததை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். இவரோ கிளறுவதற்கென்றே சொல்லியிருந்தார். இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட வேண்டியதாயிற்று. பிறகு ஏழுமலைக்காக லேபர் ஆபீசுக்குப் போய்த் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னார். அந்த வழக்கு இழுத்து இழுத்து, ஏதோ கொஞ்சம் கிடைத்தது என்று கேள்வி.

கேன்டீனில் சொன்ன அன்று ராத்திரி கீழ்வீட்டில் சமையல் இல்லை. மறுநாள் அக்கா மாடிக்கு வந்து, தரையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்டகூடச் சொன்னதில்ல. இத்தினி வருஷமா பக்கத்துல படுத்த மனுஷன். பொண்ணுக்கு இப்பதான் ஒரு நல்ல எடம் வந்துகிட்டிருக்கு. சர்ச்சுல சாமியார்கிட்ட சொன்னாரு, சரி. அதோட விடக் கூடாதா? ஞாயித்துக்கெழம அந்த ஏழுமலை ஊருக்கே போறாராம். நீ கூடப் போம்மா. பொம்பள ஒருத்தி இருந்தா கை நீட்ட மாட்டாங்க."

"நீங்க போகலையாக்கா?"

"நான் எதுக்குப் போவணும்? நானா சொன்னேன்?"

ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பினோம். சங்கராபரணி ஆற்றைத் தாண்டி உள்ளே போகிற டவுன் பஸ். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வில்லியனூர் தாண்டியதும், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"வருஷா வருஷம் தவக்காலத்துல பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன். நாங்க சாமியார்கிட்ட முட்டி போட்டுப் பாவத்தைச் சொல்றது. 'பொய் சொன்னேன் சாமி'ன்னு சொல்லுவேன். மூணு மந்திரம் சொல்லுன்னு அனுப்பிடுவாங்க. பொய் சொன்னது நெஜந்தானே? ஒளிச்ச மாதிரியும் இல்ல, சொன்ன மாதிரியும் இல்ல. அப்படியே ஓட்டிக்கிட்டிருந்தேன். இந்த வருஷம் மாத்தலாகி வந்த சாமியார் வயசானவரு. 'யாரைப் பத்தி?'ன்னு கேட்டாரு."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"யாரும் அப்படிக் கேட்டதில்ல. எனக்கு அங்கேர்ந்து எழுந்திருக்க முடியல. எல்லாத்தையும் சொன்னேன். அதுக்கு அவரு, 'ஆண்டவர் மன்னிச்சிடுவாரு. ஆனா நீ கெடுத்த பேரு அவர்கிட்ட இல்ல, ஊர்ல கெடக்குது. நீதான் போய்ப் பொறுக்கிக் குடுக்கணும்'னாரு."

மோட்டார் போட்டது யார் என்று சொல்ல மாடியேறி வந்த மனிதரை அப்போது நினைத்துக்கொண்டேன். சின்னதையெல்லாம் அவர் ஓடி ஓடித் திருத்தியது எதற்கு என்று புரிந்தது.

ஏழுமலையின் வீடு ஊரின் கடைசியில், ஓட்டு வீடு. வாசலில் வேப்பமர நிழலில் அவர் மனைவி அஞ்சலை மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியைக் குவித்துப் போட்டு, காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஏழுமலை. நாற்பது வயதிருக்கும். காலையிலேயே கண் சிவந்திருந்தது. வலது கையை மடித்து அக்குளில் வைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார். எழுந்துவிட்டோமே என்று கோபம் வந்தாற்போல் மறுபடி உட்கார்ந்தார்.

இவர் நின்றபடியே, கேன்டீனில் சொன்னதை அப்படியே சொன்னார்.

ஏழுமலை முழுவதும் கேட்டார். பிறகு, "எனக்கு எதுக்கு சார் சொல்ற?" என்றார். "நான் குடிச்சனா இல்லியான்னு எனக்குத் தெரியாதா? தோ, அவகிட்ட சொல்லு."

அஞ்சலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் காயைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இவர் அவள் பக்கம் திரும்பி மறுபடி சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவள் வெட்டினாள்.

"இந்தாளு உன்னைக் கூட்டிக்கினு வந்தானா? இன்னா குடுத்தான்? கெடச்சதயெல்லாம் குடிக்கிறவன், ஆள் புடிச்சாந்து பொய் சொல்ல வைக்கிறதுக்கு மட்டும் துட்டு வச்சிருந்தானா?"

"நான்தாம்மா அன்னைக்குப் பொய் சொன்னேன்."

"அன்னைக்குப் பொய் சொன்னவன், இன்னிக்கு மட்டும் நெஜத்தச் சொல்லுவியா?"

நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அவர் மெதுவாகக் குத்துக்காலிட்டு, அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"கை மாட்டினதும் அவரைத் தூக்கி என் மடியில போட்டுக்கிட்டேன். வாயில தண்ணி ஊத்தினது நான். என் மூஞ்சி அவரு வாய்கிட்டதான் இருந்துச்சி. சாராய வாசனை ஒரு பொட்டு இல்ல. வலியில கத்தினாரு. கத்தறதை நிறுத்திட்டு ஒண்ணு சொன்னாரு. 'அஞ்சலைக்கு இதான் மாசம். சட்டுனு போட்டு ஒடச்சிடாதீங்க சார், மெதுவாச் சொல்லுங்க, பயந்துடுவா'ன்னாரு. வேற யாருக்கும் அது காதுல விழல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாரு. சாயங்காலம் ஆபீஸ்ல வந்து, குடிச்சிருந்தான்னு சொன்னேன்."

அஞ்சலையின் கை நின்றது. புருஷனைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மடியிலிருந்த செடிக்கொத்தை வேரும் மண்ணுமாக அள்ளி இவர் நெஞ்சில் அடித்தாள். இன்னொரு கொத்து. இன்னொன்று. அந்த வெள்ளைச் சட்டை முழுவதும் செம்மண். அவர் நகரவில்லை. கையைக்கூட உயர்த்தவில்லை. அவள் ஓய்ந்தபோது அழவும் இல்லை, "கெளம்புங்க" என்றாள்.

நாங்கள் தெருவுக்கு வந்தபோது ஏழுமலை பின்னால் வந்தார்.

"சார், இன்னொண்ணு. அப்ப குடிக்கல. இப்ப குடிக்கிறேன். பேரு வந்துடுச்சி, அப்புறம் சும்மா இருப்பானேன்னு ஆரம்பிச்சது. ஊர்ல சொல்லும்போது அதையும் சேத்துச் சொல்லு."

இவரும் அப்படியே சொன்னார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் அந்த ஊருக்குத் தனியாகப் போனார். டீக்கடையில், கோயில் வாசலில், ரேஷன் கடை வரிசையில். ஒரு சொல்லும் மாற்றாமல் அதே விஷயம். மகளுக்கு வந்த சம்பந்தம் சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற இந்தச் சொல்தா குடும்பங்களுக்குப் புதுச்சேரியில் தனி மவுசு உண்டு. மாப்பிள்ளை பாரீசில். நிச்சயத்துக்கு முன்னால் இவர் போய் மாப்பிள்ளையின் அப்பாவிடமும் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெரியவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டு, "மெர்சி மிசே, சொன்னதுக்கு" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, கைகூப்பி அனுப்பினாராம். பிறகு அந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. மகள் அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். அடுத்த வருஷம் முத்தியால்பேட்டையில் ஒரு வாத்தியார் வீட்டுக்குக் கல்யாணம் ஆகிப் போகும்வரை, வேண்டியதை அம்மா மூலமாகவே கேட்டாள்.

இதுவரை எனக்கு அவர் மேல் மரியாதைதான். அதற்குப் பிறகு நடந்ததில் கொஞ்சம் சங்கடப்பட்டேன்.

விஷயம் பரவி, பங்கில், அதாவது அவருடைய சர்ச்சு வட்டாரத்தில், அவருக்கு ஒரு பெயர் வந்தது. தியானக் கூட்டம் ஒன்றில் சாட்சியம் சொல்லக் கூப்பிட்டார்கள். போனார். அக்காவோடு நானும் போயிருந்தேன். பந்தல் நிறைந்த கூட்டம். மைக்கில் பேசும்போது அவர் குரலே வேறாக இருந்தது. ஏழுமலை வாயில் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். அஞ்சலையின் பெயர் வந்த இடத்தில் பெண்கள் அழுதார்கள். முடிந்ததும் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வேறு பங்குகளிலிருந்தும் அழைப்பு வந்தது. போனார். வீட்டில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைகள் கூடின. திருத்தம் சொல்ல மாடிக்கு வருவதுகூட அந்த மாதங்களில் குறைந்திருந்தது.

ஒருநாள் சாயங்காலம் ஏழுமலை கீழ்வீட்டைத் தேடி வந்தார். நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வர மறுத்து, கேட் பக்கமே நின்றார். அன்று குடித்திருக்கவில்லை.

"எங்க ஊர்ல சொன்ன, சரி. லேபர் ஆபீசுல சொன்ன, சரி. இப்ப ஊர் ஊரா மைக்ல சொல்றியாமே? எங்க ஊரு கிறிஸ்தவங்க வந்து சொல்றாங்க. 'இன்னாமா மனுஷன்யா உங்க சூப்பர்வைசரு, கேட்டவங்கல்லாம் அழுதுட்டாங்க'ன்னு. கை போனது எனக்கு. நல்ல பேரு உனக்கா?"

இவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழுமலை குரலை உயர்த்தவில்லை.

"என்ன வச்சிப் பொய் சொன்னப்பவும் நீ தப்பிச்ச. என்ன வச்சி நெஜம் சொல்றப்பவும் நீதான் நல்லா இருக்கற. நிறுத்திடு சார்."

அவர் போன பிறகு இவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. நெஞ்சில் மண் விழுந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், இப்போது கேட்டின்மேல் சாய்ந்து நின்றார். அக்கா விளக்கைப் போட்டுவிட்டு, "வாங்க" என்றார்.

மறுநாள் பூசைக்குப் போகும் முன் மாடிக்கு வந்தார். "தண்ணி ஊத்தின எடத்துல நான் நிறுத்துவேன், பாத்தியாம்மா? மொதல் தடவை துக்கத்துல நின்னுச்சி. அடுத்த தடவைலேர்ந்து நானா நிறுத்தினேன்" என்றார். அந்த வாரம் அதையும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாக அக்கா பிறகு சொன்னார். அழைப்புகளுக்கெல்லாம் உடம்பு முடியவில்லை என்று சொல்லச் சொன்ன அக்காவிடம், "உடம்பு நல்லாத்தானே இருக்கு? வரலன்னு மட்டும் சொல்லு" என்றார். அதோடு அந்தப் பேச்சை எங்கேயும் எடுக்கவில்லை. யாராவது எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். ஒரு எலெக்ட்ரிகல் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார். வாரநாளிலும் காலைப் பூசைக்குப் போனார், கடைசி வரிசையில் நின்றார். நாலைந்து வருஷம் இப்படிப் போயிற்று.

ஒரு பொங்கல் முடிந்த வாரம், மத்தியானம். கேட்டில் ஒரு பெண் நின்று, "சூப்பர்வைசர் வூடு இதானே?" என்றாள். அஞ்சலை. முடி நரைத்திருந்தது. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அவளுக்கு நான் யாரென்று தெரியவில்லை.

அக்கா வெளியே வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. அக்கா உட்காரச் சொன்னார். அவள் படியிலேயே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவர் உள்ளேயிருந்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம் பொண்ணு எட்டாவது படிக்குது" என்றாள் அஞ்சலை, அக்காவைப் பார்த்து. "கை போனப்ப வயித்துல இருந்தது. அப்பன் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக் கூடாதுங்குது. 'குடிச்சிட்டு வெரல வுட்டவன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது. அப்படி இல்லடின்னா, நீதானேமா சொன்னேங்குது. நான்தான் சொன்னேன். தொட்டில்ல போட்டு ஆட்டும்போதே சொன்னேன். பொய்னு தெரிஞ்ச பின்னாடியும், சண்டை வந்தா அதே வார்த்தைதான் வாயில வருது. இப்ப நான் மாத்திச் சொன்னா எப்படி நம்பும்?"

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ வந்து சொல்லணும்."

அவர், "நான் அதைப் பேசறதில்லம்மா. ஏழுமலைக்குப் புடிக்காது" என்றார்.

"அவருக்குத் தெரியும். இருக்கட்டுங்கறாரு."

அக்கா உள்ளே போனார். கொடியில் கிடந்த ஒரு கட்டம்போட்ட பழைய சட்டையை எடுத்து வந்து அவர் தோளில் போட்டார்.

"போங்க. நானும் வர்றேன்" என்றார்.

மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். இருட்டுகிற நேரத்தில் அவரும் அக்காவும் திரும்பினார்கள். நான் கீழே இறங்கிப் போய், என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சொன்னேன். நிறுத்தாம சொன்னேன். பாப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிச்சி. கடைசியில, 'அப்ப எங்கப்பா இப்ப ஏன் குடிக்குது?'ன்னு கேட்டுது."

"என்ன சொன்னீங்க?"

"என்னாலதான்னு சொன்னேன்."

அக்கா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். "அஞ்சலை, 'என்னாலயுந்தான்'னு சொல்லிச்சி" என்றார். "பொண்ணு எதிர்லயே."

"ஏழுமலை?"

"கட்டில்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார் அவர். "எழுந்து வெளிய போனாரு. சாராயக் கடைக்குத்தான்னு எல்லாரும் நெனச்சோம். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, திரும்பி வந்து உக்காந்துக்கிட்டாரு."